வாசற்படியில் நின்று பார்த்தவர்

படம் வரையப் பழகும் பெண்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் ஒரு கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. இத்தனை வருடம் ஆர்வம் குறையாமல் எப்படி வாட்டர்கலர் போட்டீர்கள், எது உங்களைத் தூண்டியது என்பார்கள். கேட்கும்போதே பதிலையும் அவர்களே முகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். ஏரி, வயல், பனைமரம், பொழுது சாய்கிற நேரம். அதையெல்லாம் பார்த்தவுடன் கை தானாகப் பிரஷ்ஷைத் தேடும் என்று நான் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தால் தானாக வருவது கொசு ஒன்றுதான். மற்றதையெல்லாம் நாம்தான் வரவழைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வரவழைத்துக் கொடுத்தவர் என் கணவர். நடுவில் ஒருமுறை அதைக் கெடுத்தவரும் அவர்தான், அல்லது கெடுத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி வடக்குப்பட்டுக்கு வந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் தையலுக்கும் டிராயிங்குக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் டீச்சர். காலையில் ஒரகடம் கூட்டுரோடு வரைக்கும் அவர் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். அங்கிருந்து பஸ். அவருக்கு ஆயில் என்ஜின் ரிப்பேர் வேலை. கிணற்று மேட்டில் யாருடைய என்ஜினாவது நின்றுபோனால் சேரப்பணஞ்சேரியிலிருந்தும் வல்லத்திலிருந்தும் ஆள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகும். நடவு நேரத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே கஷ்டம்.

சர்க்காரின் டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டையும் பாஸ் செய்திருந்தேன். அது வேலைக்காகச் செய்தது. வேலை கிடைத்தபின் அதை அப்படியே விட்டிருக்கலாம், என்னோடு எழுதியவர்கள் எல்லோரும் விட்டார்கள். எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்காது. மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்வந்து, குழம்பு வைத்து, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தபிறகு சமையலறை ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டுக்கொள்வேன். காகிதத்தை நனைத்து, மைதா பசை தடவிப் பலகையில் ஒட்டிக் காயவைத்த வேலை சனிக்கிழமையே முடிந்திருக்கும்.

வாட்டர்கலருக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது, இன்றைக்கும் கிடையாது. வெயில் காலத்தில் பிரஷ்ஷை எடுத்து வைப்பதற்குள் காகிதம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசியில் காலையில் போட்ட வானம் விளக்கு வைக்கிற நேரத்துக்கும் ஈரமாகவே இருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கலந்து போட்டால் காய்ந்ததும் வானம் முழுக்க வெள்ளை பூத்துவிடும். மழைத்தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்து அதில்தான் கலர் கரைப்பேன். இவ்வளவுக்கும் பிறகு படம் கெட்டுப்போனால் எப்படி இருக்கும்? கிழித்து, மாவு டப்பாவுக்கு அடியில் விரித்துவிடுவேன். எங்கள் வீட்டு டப்பாக்களுக்கு அடியில் நிறைய ஏரிகள் இருந்தன.

கிழியாமல் தப்பித்த படத்தை அன்று சாயங்காலம் அரிசிப் பெட்டிமேல் சாய்த்து வைப்பேன். அவர் சமையலறை வாசற்படியில் வந்து நிற்பார். கை நிறைய என்ஜின் எண்ணெய் இருக்கும் என்பதால் உள்ளே வரமாட்டார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நான் அடுப்பில் காபியை இறக்குகிறவரைக்கும் பார்ப்பார். பிறகு ஏதாவது ஒன்று சொல்வார். பெரும்பாலும் 'நல்லாகீது' என்பது. சில நாள், 'இன்னா கீது இதுல, ஒண்ணுமே தெரியலியே.' எப்போதாவது கொஞ்சம் நீளமாக: கரைக்கு அடியில் இருட்டு போதவில்லை, இந்த மரம் பின்னாடி இருக்கிறதா முன்னாடி இருக்கிறதா என்று புரியவில்லை. உனக்கென்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டு, அவர் குளிக்கப் போனதும் கரைக்கு அடியில் இன்னொரு கை கலர் வைப்பேன். படம் எழுந்து உட்காரும். அதை அவரிடம் சொல்லமாட்டேன்.

பள்ளியிலும் என் படங்களைப் பார்த்தார்கள். சிஸ்டர்கள் நல்லவர்கள். எட்டாம் வகுப்புப் பெண் குரோஷா போட்ட டம்ளர் மூடியையும், நான் உயிரைக் கொடுத்துப் போட்ட மழையையும் ஒரே குரலில் பாராட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் கணவர் நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடியவர். அதனால்தான் அவர் சொல்லும் 'நல்லாகீது' எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும். திங்கட்கிழமை பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தொங்கும்போதும் அடுத்த ஞாயிறு எதைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். தூண்டுதல் என்று கேட்கிறார்களே, எனக்கு இருந்தது அவ்வளவுதான். பெரிய பேச்செல்லாம் ஒன்றுமில்லை.

ஒரே ஒரு படத்தில் எங்களுக்குச் சண்டை வந்தது. பள்ளி வாசலில் ஒரு மேஃபிளவர் மரம். ஜூனில் பள்ளி திறக்கும்போது பூவும் புது இலையுமாக, சிவப்பும் பச்சையும் சரிபாதி நிற்கும். அதை இரண்டு ஞாயிறு உட்கார்ந்து போட்டேன். அவ்வளவு சிவப்பை நான் அதற்கு முன் காகிதத்தில் பார்த்ததில்லை. சிஸ்டர்கள் கூட அன்றைக்குக் கொஞ்சம் வேறு குரலில் பேசினார்கள். இவர் வாசற்படியில் நின்று வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரம் வந்தது. என்ஜினுக்குள் தலையை விட்டு விட்டு ரசனையும் கரிப்பிடித்துப் போய்விட்டது என்று, காதில் விழும்படியே சொன்னேன்.

இப்போது யோசித்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தக்காளி வாங்கி வரச் சொன்னால் பாதி காயாக வரும். கவனமில்லை என்று திட்டுவேன். புடவைக் கடையில், ஒனக்கு எது புடிக்குதோ அத எடு என்று திண்டில் சாய்ந்துகொள்வார். அதற்காக மற்ற பெண்களிடம் நான் பெருமையடித்திருக்கிறேன். மெட்ராஸ் போகும்போது எனக்குக் கலர் வாங்கி வருவார். தீர்ந்துபோன வில்லையின் மேலுறையைக் கொடுத்தனுப்புவேன், அதைக் கடைக்காரரிடம் காட்டி வாங்கிவிடுவார், ஒருநாளும் தப்பானதில்லை. எங்கள் பக்கம் அப்போது சிக்னல் விளக்கும் கிடையாது. இதற்கெல்லாம் மேலே, அவர் கண் என்னுடையதைவிட நல்ல கண் என்றுதான் நான் நம்பியிருந்தேன். காய்ந்த புல்லோடு புல்லாக நிற்கும் மடையான் கொக்கைச் சைக்கிளில் போகிறபோதே காட்டுவார். எனக்கு அது பறந்தால்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் பெரிய ரோட்டோரம் ஒரு புது ஃபேக்டரி வந்தது. என்ஜின் வேலை தெரிந்தவர் என்று இவரையும் கூப்பிட்டார்கள். மாதச் சம்பளம், ஷிஃப்ட், ஓ.டி. என்றெல்லாம் வீட்டில் பேச்சு ஓடியது. வயரிங் பிரிவு என்று சொல்லி மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார்.

"எனுக்குக் கலர் தெரியாதாம்."

புள்ளி புள்ளியாக ஒரு புத்தகத்தைக் காட்டினார்களாம். அதில் என்ன நம்பர் இருக்கிறது என்று கேட்டார்களாம். இவருக்கு வெறும் புள்ளிதான் தெரிந்ததாம். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத கண், பிறவியிலேயே அப்படி, மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வயரிங் வேண்டாம், மெஷின் ஷாப்புக்குப் போ என்று மாற்றிவிட்டார்கள். வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை. இதையெல்லாம் யாரோ மூன்றாம் மனிதருக்கு நடந்ததுபோல் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

மற்றவர்கள் வீட்டில் இதை ஒரு விஷயமாகவே எடுத்திருக்கமாட்டார்கள். வேலை கிடைத்ததா, சம்பளம் எவ்வளவு என்று போயிருப்பார்கள். நான் பரணிலிருந்து படக் கட்டை இறக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்து அரிசிப் பெட்டிமேல் வைத்தேன். ஏரி, பூவரச மரம், வல்லத்துக்குப் போகும் மண்பாதை, பொழுது சாய்கிறபோது நாற்றங்கால். இது என்ன கலர், அது என்ன கலர் என்று கேட்டுக்கொண்டே போனேன். மஞ்சளும் நீலமும் சரியாகச் சொன்னார். மண்பாதையைப் பச்சை என்றார். நாற்றங்காலைப் பார்த்து, இது சாயங்காலம் என்றார். நேரத்தைக் கேட்கவில்லை, கலரைச் சொல்லுங்கள் என்றேன். ஒரு மாதிரி மங்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் படங்களைக் கட்டி வைத்துவிட்டேன்.

எனக்கு அன்றைக்கு வந்தது கோபமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது. ஒரு சிவப்பை இன்னொரு சிவப்புக்குப் பக்கத்தில் வைக்க நான் எத்தனை ஞாயிறு பாடுபட்டிருக்கிறேன்! அதையெல்லாம் பார்க்கவே முடியாத ஒருவர் நல்லாகீது என்று சொல்ல, அதை நம்பி அடுத்த வாரம் ஓட்டியிருக்கிறேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றதெல்லாம் வெறும் பாவனை என்று தோன்றியது. வீட்டில் அமைதி இருக்கட்டும் என்று ஒரு மனுஷன் வாரா வாரம் எதையோ சொல்லிவைத்தார், நான் அதைப் போய் ரசனை என்று எடுத்துக்கொண்டேன். எனக்குள்ளே இருந்து ஏதோ ஒன்றை உருவி எடுத்ததுபோல் இருந்தது.

கலர்ப் பெட்டியையும் பரண்மேல் வைக்கச் சொன்னேன். இனிமேல் வரைவதில்லை என்று சபதம் எதுவும் எடுக்கவில்லை. போடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. படுத்துத் தூங்கிப் பார்த்தேன், தலைவலி வந்தது. மீன் குழம்பை நிதானமாக வைத்தேன். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். பள்ளியில் வழக்கம்போல் பூசணிக்காயும் மண்ஜாடியும் வரையச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க வந்துபோனது. நல்ல மழை, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாகத் தண்ணீர் வழிந்தது. ஊரே போய்ப் பார்த்தது, நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கை ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பள்ளிக்கு ஆண்டு மலர் போட்டார்கள். தலைமை சிஸ்டர் என்னிடம் இரண்டு படம் கேட்டார். புதிதாக ஒன்றும் இல்லை, பழையதுதான் என்றேன். பரவாயில்லை என்றார். எல்லோரும் புகழ்ந்த மேஃபிளவர் படத்தை முதலில் எடுத்தேன். இன்னொன்று படக் கட்டிலிருந்து கைக்கு வந்தது: மழை வருவதற்கு முன்னால் ஏரிக்கரை, மதகு, நாலு பனைமரம். வெறும் சாம்பலும் மண்ணும்தான், கலர் என்று சொல்ல அதில் அதிகம் கிடையாது. பக்கம் நிரப்பட்டும் என்று கொடுத்தேன். கலரில் அச்சடிக்கப் பள்ளிக்கு வசதியில்லை, கறுப்பு வெள்ளைதான். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

காஞ்சிபுரத்து அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டி, டீச்சர், இது மேகமா புகையா என்று கேட்டார். பார்த்தால் மேஃபிளவர் மரம். மரமே இல்லை. பக்கம் முழுக்க ஒரே கறுப்புச் சாம்பல் பூசிவைத்ததுபோல் இருந்தது. இலை எது, பூ எது, பின்னால் இருந்த பள்ளிச் சுவர் எது, ஒன்றும் தெரியவில்லை. அச்சகக்காரர் படத்தை அச்சடிக்கச் செய்த பிளாக்கைக் கெடுத்துவிட்டார் என்று எனக்கு அப்படி ஒரு கோபம். அந்த ஆளுக்கு மையைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சிஸ்டரிடமே சொன்னேன். திருப்பி அனுப்பச் செய்தேன். மறுபடியும் அதே சாம்பல்தான் வந்தது. கூடவே ஏரிக்கரைப் படத்தின் மாதிரியும் வந்திருந்தது. அதே அச்சகம், அதே மை, அதே ஆள். அதில் ஏரிக்கரை ஏரிக்கரையாகவே தெரிந்தது. கரைக்கு அடியில் இருட்டு இருந்தது. பனைமரத்துக்குப் பின்னால் மழை வந்துகொண்டிருந்தது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறையில் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் கடைசிப் பீரியட், வேறு யாரும் இல்லை. சிவப்பையும் பச்சையையும் நான் ஒரே அளவு இருட்டில் போட்டிருக்கிறேன். கலர் இருக்கிறவரைக்கும் அது மரம். கலரை எடுத்துவிட்டால் அங்கே பிரித்துப் பார்க்க எதுவுமில்லை. பரீட்சைக்குப் படித்தபோது இதைப் பாடமாகவே படித்திருக்கிறேன், வெளிச்சம் இருட்டுதான் படத்துக்கு எலும்பு என்று மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சிவப்பைக் கண்டதும் எனக்கே மறந்துபோயிருக்கிறது. அந்த ஏரிக்கரைப் படத்தில் கரைக்கு அடியில் இருட்டுப் போதாது என்று சொன்னது யார்? அவர் பாவனை செய்யவில்லை. தனக்குத் தெரிந்ததைத்தான் ஒவ்வொரு வாரமும் சொல்லியிருக்கிறார்.

அவருக்கு அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நான் வீட்டுக்கு வரும்போது கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பையைக்கூட வைக்காமல் அந்தச் சாம்பல் தாளை அவர் முன்னால் நீட்டி, இது என்னவென்று தெரிகிறதா என்று கேட்டேன்.

"இஸ்கூல் மரம்" என்றார்.

சிஸ்டருக்குத் தெரியவில்லை, வரைந்த எனக்கே தெரியவில்லை, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றேன்.

"அன்னிக்கி நீ காட்டும்போதும் இப்டித்தான இருந்துது."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் கேட்கத் தோன்றியது, டாக்டர் சொல்வதற்கு முன்பே இது உங்களுக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றார். சின்ன வயதில் அவர் அப்பா பழுத்த மிளகாயாகப் பார்த்துப் பறித்து வரச் சொல்லி அனுப்புவாராம். இவர் காயும் பழமுமாகக் கொண்டுவந்து கொட்டுவாராம். வேலையில் புத்தியில்லை என்று அடி விழும். மற்ற பிள்ளைகள் தூரத்திலிருந்தே பழத்தைக் காட்டுவதைப் பார்த்து, அவர்களுக்குத் தெரிகிற ஏதோ ஒன்று தனக்குத் தெரியவில்லை என்று அப்போதே புரிந்துபோனதாம். அதற்குப் பெயர் உண்டு என்பது மட்டும் மெடிக்கலில்தான் தெரிந்ததாம்.

அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? இதைக் கேட்கும்போது என் குரல் சண்டைக்குப் போவதுபோல்தான் இருந்திருக்கும், எனக்கு வேறு மாதிரி கேட்க வராது. அவர் உரித்த வெங்காயத்தைத் தட்டில் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"சொன்னா நீ எங்கிட்ட காட்டமாட்டே. கலர் தெரிஞ்சவங்க யார்கிட்டயாச்சும் எடுத்துகினு போய் காட்டுவே. வாரம் பூரா என்ஜினையே பாத்துகினு கீறேன், ஞாயித்துக்கெழம அது ஒண்ணுதான் பாக்கறேன். அத்த வுட மனசு இல்ல."

பிறகு, என்னைப் பார்க்காமலே, "கடசில அப்டியேதான் ஆச்சு" என்றார்.

அவர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் நான் வரைந்தேன் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் நின்றவருக்கு அதில் என்ன இருந்தது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட வசதியாக இருந்தது, அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

மலரில் ஏரிக்கரைப் படம் மட்டும் வந்தது. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, சமையலை ஒருவழியாக முடித்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் வில்லைகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன, ஊறவைக்கவே நேரமாகிவிட்டது. கையும் சொன்னபடி கேட்கவில்லை. என்ன போட்டேன் என்றுகூட இப்போது நினைவில்லை, நல்ல படமாக இருந்திருக்காது. சாயங்காலம் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.